இரண்டு லைன் இருந்தும் 20-ஆம் தேதி நெட் இல்லை: டூயல் வான் ரவுட்டர் ஏன் மாறவில்லை?

கரூர்_கணக்கர்

வணக்கம். கரூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். சிஸ்டம், நெட் எல்லாம் என் தலையில்தான். 9 கம்ப்யூட்டர், ஒரு டேலி சர்வர், 4 கேமரா. ஃபைபர் லைன் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மாதா மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடும் நேரத்தில் நெட் போகக் கூடாது என்று சார் போன மாதம் இரண்டு நெட் லைனை இணைக்கும் டூயல் வான் ரவுட்டரும், மொபைல் நெட் தரும் ஒரு 5ஜி பாக்ஸும் வாங்கிக் கொடுத்தார்.

வான் என்பது ரவுட்டரில் வெளி நெட் லைன் செருகும் போர்ட். வான் 1-இல் ஃபைபர், வான் 2-இல் 5ஜி. லிங்க் பேக்கப் பக்கத்தில் ஃபெயில்ஓவர் (ஒரு லைன் போனால் தானே அடுத்ததற்கு மாறுவது) வைத்தேன். சார் முன்னாலேயே வான் 1 ஒயரைப் பிடுங்கிக் காட்டினேன். சில நொடிகளில் 5ஜிக்கு மாறியது. அவருக்குத் திருப்தி.

இந்த 20-ஆம் தேதி மதியம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி ஃபைபரை அறுத்துவிட்டது. ஓஎன்யூவில் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி), சிக்னல் இல்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது. ரவுட்டரில் வான் 1 விளக்கு மட்டும் பச்சையாகவே நிற்கிறது, மாறவே இல்லை. இரண்டு தடவை அணைத்துப் போட்டேன், ம்ஹூம். கடைசியில் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, இரண்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராத்திரி 11 மணி வரை 23 ரிட்டர்ன் போட்டோம். ஒரு நாள் தவறினால் 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. பணம்கூடப் பரவாயில்லை, க்ளையண்ட்டுக்கு என்ன பதில் சொல்வது?

ஒயரைப் பிடுங்கினால் மாறுகிறது, லைன் போனால் மாறவில்லை. எங்கே தப்பு?

திருச்சி_சிஸ்டம்ஸ்

ஃபெயில்ஓவரை விட்டுவிட்டு லோட் பேலன்ஸ் போடுங்கள். இரண்டு லைனும் எப்போதும் ஓடும், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

ஈரோடு_கேபிளிங்

தம்பி, உங்கள் ரவுட்டர் கெட்டுப்போகவில்லை. அதற்கு லைன் போனதே தெரியாது.

நீங்கள் பிடுங்கிய ஒயர் ரவுட்டருக்கும் ஓஎன்யூவுக்கும் நடுவில் இருப்பது, ஒரு மீட்டர் நீளம். ஜேசிபி அறுத்தது ஓஎன்யூவுக்கு அந்தப் பக்கம். ஓஎன்யூவுக்குக் கரண்ட் இருக்கும் வரை அந்த ஒரு மீட்டர் ஒயரில் உயிர் இருக்கும், விளக்கும் பச்சையாகத்தான் எரியும். உங்கள் ஓஎன்யூவே நெட் கம்பெனிக்கு டயல் செய்து, ரவுட்டருக்கு 192.168.1 என்று தொடங்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கிறது என்று நினைக்கிறேன். ஃபைபர் அறுந்தாலும் அந்த ஐபியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அணைத்துப் போட்டாலும் மாறாததற்குக் காரணம் அதுதான். ஓஎன்யூவை பிரிட்ஜில் (லைனை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் முறை) போட்டு, நெட் கம்பெனியில் லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டை ரவுட்டரில் கொடுத்திருந்தால், செஷன் விழுந்ததுமே மாறியிருக்கும்.

ரவுட்டரில் ஆன்லைன் டிடெக்‌ஷன் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஆல்வேஸ் ஆன்லைன் என்று வைத்திருக்கிறீர்களா, பாருங்கள். அப்படி இருந்தால் ஒயர் உயிரோடு இருப்பதே அதற்குப் போதும். மேனுவலுக்கு மாற்றி, பிங் செய்ய (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்க) வெளியே இருக்கும் முகவரியைக் கொடுங்கள். கேட்வே முகவரியைக் கொடுக்காதீர்கள், கேட்வே என்பது அந்த ஓஎன்யூவேதான். வான் 1-க்கு 8.8.4.4, வான் 2-க்கு 1.0.0.1 என்று தனித்தனியாக வையுங்கள். கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ்ஸுக்கு (தளத்தின் பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) அதே முகவரிகள் வேண்டாம். சில ரவுட்டர்கள் சோதனை முகவரியை அந்த லைனோடு கட்டிவிடும். லைன் போனால் டிஎன்எஸ்ஸும் சேர்ந்து போகும். டிஎன்எஸ்ஸுக்கு 8.8.8.8, 1.1.1.1 போதும். நெட் கம்பெனி கொடுக்கும் டிஎன்எஸ் பல சமயம் அடுத்த கம்பெனி லைனிலிருந்து கேட்டால் பதில் தராது.

இன்னொன்று. 5ஜி பாக்ஸும் 192.168.1.1-இல் இருந்தால் வான் 1, வான் 2 இரண்டும் ஒரே நெட்வொர்க்காகிக் குழம்பும். அந்தப் பாக்ஸுக்குள் போய் 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள்.

திருச்சி நண்பர் சொன்ன லோட் பேலன்ஸ் உங்கள் வேலைக்கு வேண்டாம். லைன் போனது தெரியாத ரவுட்டர், போன லைனிலும் பாதிப் பேரை அனுப்பும். நெட் பேங்கிங்கில் சலான் கட்டும்போது நடுவில் ஐபி மாறினால் பல வங்கித் தளங்கள் வெளியே தள்ளிவிடும். வீடியோ பார்க்கும் இடத்துக்கு அது சரி, வரி கட்டும் இடத்துக்குச் சரிவராது.

அப்புறம், சோதனை. இனி ஒயரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஓஎன்யூவில் பச்சை மூக்கு வைத்த ஃபைபர் கனெக்டரை மெல்லக் கழற்றுங்கள். முனையில் விரல் படக் கூடாது, கண்ணுக்கு நேரே பிடிக்கவும் கூடாது. லாஸ் சிவப்பாகட்டும், ரவுட்டர் என்ன செய்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நான் போட்டுக் கொடுத்த ஒரு மருந்து மொத்தக் கடையில் இதே தப்பை நானே செய்தேன். ஒயரைப் பிடுங்கிக் காட்டிவிட்டுக் காசு வாங்கி வந்தேன். மூன்றாவது மாதம் லைன் போனது, அரை நாள் பில் போட முடியவில்லை. அன்றிலிருந்து ஃபைபரைக் கழற்றிக் காட்டாமல் ஓர் இடத்திலும் கையெழுத்து வாங்குவதில்லை.

திருச்சி_சிஸ்டம்ஸ்

அண்ணா சொல்வது சரி. லைன் போனதை ரவுட்டர் எப்படித் தெரிந்துகொள்ளும் என்று நான் யோசிக்கவில்லை. மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் செக் கேட்வே பிங் என்ற அமைப்பு 10 நொடிக்கு ஒரு முறை பார்க்கும், இரண்டு முறை பதில் வராவிட்டால் ரூட்டை (அந்த லைன் வழியை) தூக்கிவிடும். அங்கும் ஓஎன்யூவைப் பிங் செய்து பயனில்லை. 8.8.4.4 வழியாக ரிகர்சிவ் ரூட் (வெளி முகவரி பதில் தந்தால்தான் இயங்கும் வழி) போட வேண்டும்.

சேலம்_வாசகி

கரூர் நண்பரே, 5ஜியில் பெரும்பாலும் சிஜிநாட்தான் (பலருக்கு ஒரே வெளி ஐபியைப் பங்கிடுவது) வரும். பாக்ஸில் வான் ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் அதுதான். லைன் மாறிய நேரத்தில் வெளியிலிருந்து போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்கு ரவுட்டர் அனுப்புவது) கேமரா பார்ப்பதும், அதே வழியில் டேலி சர்வருக்குள் வருவதும் நடக்காது. சாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரவுட்டர், ஓஎன்யூ, 5ஜி பாக்ஸ் மூன்றும் யுபிஎஸ்ஸில்தானே இருக்கின்றன? எங்கள் அலுவலகத்தில் 5ஜி பாக்ஸை மட்டும் சாதாரண பிளக்கில் விட்டுவிட்டோம். கரண்டும் ஃபைபரும் சேர்ந்து போன அன்று அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கரூர்_கணக்கர்

ஈரோடு அண்ணா, ஆல்வேஸ் ஆன்லைனில்தான் வைத்திருந்தேன். பெயரைப் பார்த்து நெட் எப்போதும் இருக்கும் போல என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தேன். 5ஜி பாக்ஸும் 192.168.1.1-தான். இரண்டையும் மாற்றிவிட்டேன்.

சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, சாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பச்சை கனெக்டரைக் கழற்றினேன். லாஸ் சிவப்பு. ஒரு சிஸ்டத்தில் பிங் ஓடிக்கொண்டிருந்தது, வரிசையாக டைம் அவுட். 34-ஆவது நொடியில் பதில் வரத் தொடங்கியது. திரும்பச் செருகியதும் ஒன்றரை நிமிடத்தில் ஃபைபருக்கே வந்துவிட்டது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் மாறியது. சார் அந்த 34 நொடியை டைரியில் எழுதிக்கொண்டார்.

சேலம் அக்கா, 5ஜி பாக்ஸ் ஜன்னலோரம் சிக்னலுக்காகச் சாதாரண பிளக்கில்தான் இருந்தது. திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து யுபிஎஸ் லைன் இழுக்கிறார்.