லூக்வார்ம்: 'லூக்' எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படி எழுதலாம்?

மாவுக்கை:
ஈஸ்ட் ரொட்டி செய்முறை ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். 'லூக்வார்ம் வாட்டர்' என்று வருகிறது. வெதுவெதுப்பா, மிதமான சூடா? எத்தனை டிகிரி போடலாம்? லூக்கா என்ற பெயரோடு தொடர்பு உண்டா? 'டெப்பிட்' (tepid) என்ற ஆங்கிலச் சொல்லும் இதேதானா?

வேர்தேடி:
லூக்காவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெயர் 'லூக்காஸ்' என்று கிரேக்கம் வழி வந்தது. இங்கே உள்ள 'லூக்' இடைக்கால ஆங்கிலச் சொல். அதற்கே இளஞ்சூடு என்றுதான் பொருள். பிறகுதான் 'வார்ம்' சேர்ந்தது, நாம் 'நடுசென்டர்' என்கிறோமே அதுபோல. தனி 'லூக்' வழக்கொழிந்து கூட்டுச்சொல் மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மனில் 'லௌ' இன்றும் இதே பொருளில் புழங்குகிறது. பழைய ஆங்கில 'ஹ்லியோ', அதாவது காற்றடிக்காத ஒதுக்கிடம், இதற்கு உறவு என்பார்கள். கடைசி 'க்' எப்படி வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

'டெப்பிட்' வேறு வழி. லத்தீனின் 'டெபிடுஸ்'. அதன் வேரும், சுடுதல் என்று பொருள்படும் சமஸ்கிருத 'தப்' வேரும் ஒன்றே. தாபம், சங்கரன்கோவில் ஆடித்தபசில் உள்ள தபசு எல்லாம் அந்த 'தப்' வழி வந்தவை. ரோமானியக் குளியல் கூடங்களில் குளிர் அறைக்கும் கொதி அறைக்கும் நடுவில் இருந்த இளஞ்சூட்டு அறை 'டெப்பிடேரியம்'.

பதம்பார்:
தண்ணீருக்கு 'வெதுவெதுப்பான' என்றே எழுதுங்கள். 'மிதமான சூடு' வேண்டாம். அடுப்புத் தீ என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். ஆனால் 'லூக்வார்ம் ரெஸ்பான்ஸ்' வந்தால் வெதுவெதுப்பு கூடாது. தமிழில் அது இதமான சொல். 'சுரத்தில்லாத வரவேற்பு' என்றால்தான் கருத்து வரும். விவிலியத்தில் வெளிப்படுத்தல் 3:16இல் பழிப்பாக 'வெதுவெதுப்பு' வருவது உண்மைதான், ஆனால் அங்கே குளிர், அனல் இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் பொருள் புரிகிறது.

டிகிரியைக் கட்டாயம் போடுங்கள். மணிமணியான உலர் ஈஸ்ட்டை ஊறவைக்க 38 முதல் 43 டிகிரி செல்சியஸ். 55ஐத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு உப்பாது. மிகவும் குளிர்ந்த நீரில் ஊறினால் அதன் உட்பொருள் கசிந்து மாவு பிசுபிசுவென்று இளகும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் நேரே மாவில் கலக்கலாம், இந்தக் கவலை இல்லை.

மாவுக்கை:
தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு?

பதம்பார்:
கொதிநீரை அளந்து கலக்கச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி இருக்கும் ஊரில் ஒரு பங்கு கொதிநீருக்கு ஆறு பங்கு. 20 டிகிரி இருக்கும் மலைப்பக்கத்தில் மூன்று பங்கு. இரண்டுமே 40க்கு வரும். சோதிக்க உள்ளங்கை உதவாது, சூட்டுப் பாத்திரம் தொட்டுத் தொட்டு மரத்திருக்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். இதமாகத் தெரியவேண்டும், கையை இழுக்கத் தோன்றினால் இன்னும் ஆறட்டும்.