உள்ளூர் மைதானத்தை எதிரணி ரசிகர்கள் நிரப்பிவிடுவது எப்படி நடக்கிறது?

ஆய்வுமாணவன்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இந்தக் கேள்விக்கு அவசியமில்லை. வந்த புதிதில் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில்) எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இப்போது நான்காம் ஆண்டில், சனிக்கிழமை ஆட்டம் இருந்தால் ஆய்வகத்துப் பக்கமே போவதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

கடந்த நவம்பர் இறுதியில், வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் (Thanksgiving) நாளுக்கு இரண்டு நாள் கழித்து, எங்களுடைய பரம்பரை எதிரியான அண்டைப் பல்கலைக்கழகத்துடன் எங்கள் மைதானத்திலேயே ஆட்டம் நடந்தது. உள்ளே நுழைந்ததும் ஊர் மாறி வந்துவிட்டேனோ என்று தோன்றியது. மாணவர் பகுதியையும் அதை ஒட்டிய இரண்டு பகுதிகளையும் விட்டால், பார்த்த இடமெல்லாம் அவர்களுடைய நிறம்தான். என் பக்கத்து இருக்கையில் எங்கள் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த சாய்மெத்தை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஆண்டு முழுவதற்கும் வாடகை கட்டிப் பொருத்திக்கொள்கிற மெத்தை அது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரோ தொப்பி முதல் காலணி வரை எதிரணிக்காரர். நல்ல மனிதர், தன் பொட்டலத்திலிருந்து வேர்க்கடலைகூடக் கொடுத்தார். எங்கள் இசைக்குழு வாசித்தது பத்து வரிசைக்கு அப்பால் கேட்கவில்லை. மூன்றாம் கால்பகுதியில், தாக்குதலை வழிநடத்தும் எங்கள் குவாட்டர்பேக் எழுப்பிய குரல் அவருக்கு முன்னால் நின்ற தடுப்பு வீரர்களுக்கே எட்டாமல், அடுத்தடுத்து இரண்டு முறை அவர்கள் முந்தி அசைந்து ஐந்தைந்து கெஜம் பின்வாங்க வேண்டியதாயிற்று. சொந்த மைதானத்தில்!

எதிரணிக்கு இத்தனை நுழைவுச்சீட்டுகள் எங்கிருந்து கிடைக்கின்றன? பல்கலைக்கழக நிர்வாகம் நினைத்தால் இதைத் தடுக்க முடியாதா? அல்லது தடுக்கவே விரும்பவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய சீசன் டிக்கெட்:

உங்கள் கேள்விக்கான பதிலின் மேல்தான் அந்தக் கடலை கொடுத்தவர் சாய்ந்திருந்தார். ஒப்பந்தப்படி எதிரணிக்கு ஒதுக்கப்படுவது சில ஆயிரம் இருக்கைகள் மட்டுமே, அவையும் பெரும்பாலும் மேல்மாடத்தின் மூலையில் இருக்கும். ஐம்பதாயிரம் பேர் அமரும் மைதானத்தில் பாதி நிறம் மாறியிருக்கிறது என்றால், மீதி முழுவதும் உள்ளூர்க்காரர்கள் விற்றது என்றே பொருள். இங்கே வேலியேதான் பயிரை மேய்கிறது.

சீசன் டிக்கெட்டின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஓர் அணி ஆண்டுக்குப் பன்னிரண்டு வழக்கமான ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் ஆறோ ஏழோ சொந்த மைதானத்தில் நடக்கும். அந்த ஏழில் மூன்று, பெயர் தெரியாத சிறு கல்லூரிகளைக் கூப்பிட்டு வைத்துத் தோற்கடிக்கும் ஆட்டங்களாக இருந்தாலும் வியப்பில்லை. இருக்கைக்கு விலை உண்டு, அந்த விலையைக் கட்டும் உரிமைக்காகப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிதிக்குத் தனியாக நன்கொடையும் செலுத்த வேண்டும். 2017 வரை அந்த நன்கொடையில் 80 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த வரிச் சட்டம் 2018 முதல் அந்தச் சலுகையை அடியோடு நீக்கிவிட்டது. செலவிட்டதை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்று நினைப்பவரின் கையில் உண்மையான சந்தை மதிப்புள்ள சீட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது பரம எதிரியுடனான ஆட்டத்தின் சீட்டு. அணி அந்த ஆண்டு மூன்று வெற்றியோடு தள்ளாடிக்கொண்டிருந்தால், ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைத் தளங்களில் அதை ஏற்றிவிட்டு வீட்டில் தொலைக்காட்சி முன் உட்காருவது அவருக்கு அவ்வளவு பெரிய மன வேதனையாக இருப்பதில்லை.

நாட்காட்டியும் எதிரணிக்குத்தான் துணை செய்கிறது. புகழ்பெற்ற போட்டிகளில் பல நன்றி நவிலல் வார இறுதியில் நடக்கின்றன, மாணவர் விடுதிகள் காலியாகிவிடும் சமயம் அது. இளநிலை மாணவர்கள் புதன்கிழமையே பெட்டியைக் கட்டிவிடுவார்கள். எதிரணி ரசிகருக்கோ அது நான்கு நாள் விடுமுறை. குடும்பத்தோடு காரில் வர அதைவிட வாய்ப்பான நாள் வேறு கிடையாது.

மூன்றாவது காரணம் ஆள்பலம். நாஷ்வில்லில் இருக்கும் வாண்டர்பில்ட் ஒரு தனியார் பல்கலைக்கழகம், அதன் இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர். ஆனால் நாஷ்வில் டென்னசி மாநிலத்தின் தலைநகரம். அந்த நகரத்துத் தெருக்களில் டென்னசிப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள்தான் எங்கும் குடியிருக்கிறார்கள். டென்னசி அங்கே ஆட வரும்போது மைதானம் ஆரஞ்சு நிறமாவதற்கு யாரும் பயணம் செய்யக்கூட வேண்டியதில்லை. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்னின் கதையும் இதேதான். ஓஹையோ ஸ்டேட், மிஷிகன், அயோவா, நெப்ராஸ்கா என எல்லாப் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளும் வேலை தேடி வந்து சேரும் நகரம் சிகாகோ.

தடுக்க விரும்புகிறார்களா என்று கேட்டீர்கள். தனி ஆட்டச் சீட்டை விற்காமல் மூன்று ஆட்டங்களைச் சேர்த்து ஒரே கட்டாக விற்பார்கள், மாணவர் சீட்டோடு மாணவர் அட்டையையும் வாயிலில் காட்டச் சொல்வார்கள். இவை பெரும்பாலும் கண்துடைப்பு என்பது என் கருத்து. கட்டாக விற்றால் எதிரணிக்காரர் கட்டாகவே வாங்குகிறார். ஓர் ஆட்டத்துக்காக ஆண்டு முழுவதுக்குமான சீட்டை வாங்கி, மற்றவற்றைச் சும்மா விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நிர்வாகத்துக்கும் நிரம்பிய மைதானம் கசப்பதில்லை. அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், 2025-இல் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான ஜார்ஜியாவுடனான தன் சொந்த மைதான ஆட்டத்தை வளாகத்திலிருக்கும் பாபி டாட் மைதானத்திலிருந்து அதே நகரின் மெர்சிடீஸ்-பென்ஸ் மைதானத்துக்கு மாற்றிக்கொண்டது, அதற்குக் கிடைத்த தொகை ஒரு கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. ஜார்ஜியா ரசிகர்களுக்குக் கூடுதலாகப் பல்லாயிரம் இருக்கைகளைத் திறந்துவிட்டோமே என்று டெக் ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். ஆட்டத்தில் ஜார்ஜியா 16–9 என வென்றது.

செஞ்சட்டை:

மேலே எழுதியவர் விற்றவர்களின் பக்கத்தை நன்றாகவே விளக்கிவிட்டார். நான் வாங்கியவன், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். 2017 செப்டம்பர் 9 அன்று, இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், நோட்டர் டேம் பல்கலைக்கழக மைதானத்தில், ஜார்ஜியாவின் சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அதை வெறும் சீட்டு வியாபாரம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன் அந்த இரண்டு அணிகளும் மோதியது ஒரே ஒரு முறை, 1981 புத்தாண்டு நாளன்று நடந்த சுகர் பௌல் என்ற பருவ முடிவுச் சிறப்பு ஆட்டத்தில். அதில் 17–10 என வென்றுதான் ஜார்ஜியா தேசியப் பட்டம் பெற்றது. நோட்டர் டேம் மண்ணில் ஜார்ஜியா அதற்கு முன் ஆடியதே இல்லை. அப்பாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு வாழ்நாளில் ஒரு முறை போய்வர வேண்டிய இடம் என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் முடிவு செய்திருந்தன. அந்த விருப்பத்துக்கு அவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப் பார்த்து எத்தனை உள்ளூர்க்காரரால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியும்?

மாலை வெளிச்சத்தில் எவ்வளவு பேர் வந்திருக்கிறோம் என்பது எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. நான்காம் கால்பகுதி தொடங்கும்போது கைப்பேசி விளக்கை ஏற்றிப் பிடிப்பது ஜார்ஜியாவின் வழக்கம். அன்றும் ஏற்றினோம். மாடத்துக்கு மாடம் விளக்குகள் தொற்றிக்கொண்டு போனபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த நோட்டர் டேம் முதியவர் ஒருவர் எழுந்து, முழு வட்டமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் 20–19 என எங்களுக்கு வந்தது. வெளியேறும்போது அந்த மைதானத்தின் பணியாளர்கள், நுழையும்போது சொன்ன அதே மரியாதையோடு, வந்ததற்கு நன்றி சொன்னார்கள். அது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு விசித்திரம்: அதற்குச் சரியாகப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 2000 செப்டம்பர் 9 அன்று, அதே மைதானத்தை நெப்ராஸ்கா ரசிகர்கள் இதே போலச் சிவப்பாக்கியிருந்தார்கள். மறுவிற்பனைச் செயலிகள் கைப்பேசியில் குடியேறாத காலம் அது. அந்த ஆட்டத்தையும் கூடுதல் நேரத்தில் 27–24 என வந்தவர்களே வென்றார்கள். ஆகவே வரிச் சட்டத்தின் மீதும் செயலிகளின் மீதும் எல்லாப் பழியையும் போட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஆய்வுமாணவன்:

இருவருக்கும் மிக்க நன்றி. செஞ்சட்டை அவர்களே, நீங்கள் சொல்வது அபூர்வமான சந்திப்பு. எங்களுடையது ஆண்டு தவறாமல் நடப்பது, இரண்டாண்டுக்கு ஒரு முறை அவர்கள் இங்கே வருகிறார்கள். ஆசை அடங்கியிருக்க வேண்டுமே? அத்துடன், இந்தச் சத்தம் ஆட்டத்தின் முடிவை உண்மையிலேயே மாற்றுகிறதா என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். பழைய சீசன் டிக்கெட் ஐயா, இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குச் சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது விற்றதுண்டா?

மூன்றாம் டவுன்:

சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் ரசிகர்களின் கூச்சல் அலங்காரம் அல்ல, கருவி. பந்து நம் அணியிடம் இருக்கும்போது உள்ளூர் கூட்டம் அமைதி காக்கும். எதிரணியிடம் போனதும், அதிலும் மூன்றாம் டவுனில் (பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்), தொண்டை கிழியக் கத்தும். குவாட்டர்பேக் குரல் கொடுத்துப் பந்தை வாங்க முடியாத நிலையில், காலைத் தூக்கியோ அருகில் நிற்கும் தடுப்பு வீரரைத் தட்டச் செய்தோ சைகையால் வாங்க வேண்டும். சைகையைப் பார்க்க ஓரத் தடுப்பு வீரர் தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில், எதிரே நிற்பவர் அரை அடி முந்திவிடுகிறார். வெளியூர் போகும் வாரத்தில் ஒலிபெருக்கியில் இரைச்சலைப் போட்டு இதைப் பயிற்சி செய்வார்கள். சொந்த மைதான ஆட்டத்துக்கு முன் அப்படிப் பயிற்சி செய்யும் வழக்கம் பொதுவாக இல்லாததால்தான், நீங்கள் பார்த்த அந்தப் பத்து கெஜம் பறிபோயிருக்க வேண்டும்.

2024 முதல், முதல்நிலைக் கல்லூரி ஆட்டங்களில் பயிற்சியாளர் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் வானொலி வழியாகப் பேச அனுமதி வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முயற்சியையும் தொடங்க அளிக்கப்படும் நேரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும், அதன்பின் குவாட்டர்பேக் தன் ஆட்களிடம் கத்தித்தான் ஆக வேண்டும். ஆகவே இரைச்சலின் பயன் குறையவில்லை.

இருந்தும் முடிவைக் கூட்டம் தீர்மானிக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2019-இல் கொலராடோவின் போல்டர் மைதானத்தை நெப்ராஸ்கா ரசிகர்கள் சிவப்பால் நிறைத்தார்கள். இடைவேளையில் அவர்களுடைய அணி 17–0 என முன்னிலையும் பெற்றது. கடைசியில் கூடுதல் நேரத்தில் 34–31 என வென்றது கொலராடோ. 2022-இல் பிட்ஸ்பர்க்கும் மேற்கு வர்ஜீனியாவும் பல ஆண்டு இடைவெளிக்குப் பின் பிட்ஸ்பர்க் நகரில் மோதியபோது 70,622 பேர் கூடினார்கள். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வந்து குவிந்த நீலமும் பொன்னிறமும் எங்கும் தெரிந்தன, ஆனால் 38–31 என பிட்ஸ்பர்க்கே வென்றது. வாண்டர்பில்ட்டைப் பற்றி மேலே எழுதியவர் ஒன்றை விட்டுவிட்டார். 2024 அக்டோபர் 5 அன்று, அலபாமா ரசிகர்கள் பெருந்திரளாக வந்திருந்த அதே மைதானத்தில், தரவரிசையில் முதலிடத்திலிருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40–35 என வீழ்த்தியது. வாண்டர்பில்ட் ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள்.

ஆண்டுதோறும் நடப்பதில் ஆசை அடங்காதா என்றால், அடங்குவதில்லை. டெக்சஸும் ஓக்லஹோமாவும் டல்லஸ் நகரின் காட்டன் பௌல் மைதானத்தில் ஒவ்வோர் அக்டோபரிலும் மோதுகின்றன. நுழைவுச்சீட்டைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள், ஐம்பது கெஜக் கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு பக்கம் ஆரஞ்சும் மறுபக்கம் சிவப்பும் நிற்கும். 92,000 இருக்கைகளும் நிறைகின்றன. யாருடைய மைதானம் என்ற மனக்குறை அங்கே எழவே வழியில்லை. நான் அந்த ஏற்பாட்டையே விரும்புகிறேன், ஆனால் வளாகத்தில் நடக்கும் ஆட்டத்தின் சுவை அதில் கிடைக்காது என்பவர்களோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

பழைய சீசன் டிக்கெட்:

வாண்டர்பில்ட்டின் அந்த நாளை நினைவூட்டியதற்கு நன்றி. நார்த்வெஸ்டர்ன் பற்றியும் ஒரு சேர்க்கை: பழைய மைதானத்தில் 47,000 பேர் அமரலாம். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 35,000 இருக்கைகளோடு புதிதாகக் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். தன் ஆட்களால் நிரப்ப முடிகிற அளவுக்கு மைதானத்தைச் சிறிதாக்கிக்கொள்வதும் ஒரு வழிதான்.

தம்பி கேட்டதற்குப் பதில்: விற்றிருக்கிறேன். ஒரே ஒரு முறை, நான்கு இருக்கைகள். அணி அந்த ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் தோற்றிருந்தது. கிடைத்த பணம் அடுத்த ஆண்டு நன்கொடையைக் கட்டிய பிறகும் மிஞ்சியது. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் கோல் கம்பத்தைத் தாண்டி பந்தை உதைக்கும் நேரத்தில் கேமரா எங்கள் பகுதியைக் காட்டியது. பதினெட்டாவது வரிசையில், என் மெத்தைகளின் மேல், நான்கு பேர் எதிரணித் தொப்பியோடு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.