உள்ளே கசிவதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

எண்ணூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். லோடர் (மண் அள்ளும் வண்டி) ஓட்டக் கற்கும் பையன்களுக்கு நான்கு பக்கப் பாடம் எழுதுகிறேன். வண்டி சின்னது. சக்கரம் இடம் வலமாகத் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்ற, சறுக்கியே திரும்பும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இங்கே 'பாப்கேட்'தான். அதற்குப் பெயர் சூட்டும் விழாவை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

சிக்கல் கண்ட்ரோல் வால்வில், அதாவது லிவருக்கு ஏற்ப ஆயிலைத் திருப்பிவிடும் உறுப்பில். அதற்குள் நகரும் தண்டுதான் ஸ்பூல். அதன் முனையில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போனால் ஆயில் வெளியே வரும், புழுதி ஒட்டிக் கருப்பாய்ப் படியும். ஸ்பூலும் அதன் துளையும் தேய்ந்தால் ஆயில் உள்ளுக்குள்ளேயே டேங்குக்குத் திரும்பிவிடும். தூக்கி நிறுத்திய ஆர்ம் (பக்கெட்டைத் தாங்கும் கை) தானாக இறங்கும். இரண்டுக்கும் 'கசிவு' என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் தரையைப் பார்த்துவிட்டு "கசிவே இல்ல சார்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பக்கெட் ஒரு சாண் இறங்கியிருந்தது.

திருவொற்றியூரிலிருந்து:
தம்பி, முதலில் 'வால்வு' எதற்கு? ஓரதர் இருக்கிறதே. ஓர் + அதர். அதர் என்றால் வழி. 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்று ஊக்கமுடைமையில் வள்ளுவரே எடுத்தாண்ட சொல்.

வியாசர்பாடியிலிருந்து:
ஐயா, சைக்கிள் டியூபுக்கு ஓரதர் சரி, காற்று ஒரே வழியில்தான் போகும். இந்த வால்வில் லிவரை இழுத்தால் ஆயில், ஆர்மைத் தூக்கும் சிலிண்டரின் ஒரு முனைக்கு, தள்ளினால் மறு முனைக்கு. இதில் 'ஓர்' எங்கே நிற்கும்?

திருவொற்றியூரிலிருந்து:
அப்படியானால் பல்லதர். கசிவுக்கு வருகிறேன். 'காதலாகிக் கசிந்து' என்றார் சம்பந்தர். கசிவது உள்ளே. ஆகவே உள்ளே நடப்பது கசிவு, வெளியே வருவது ஒழுக்கு. ஒழுக்கமும் அதே வேரில் பிறந்ததுதான் என்பதைக் கவனிக்க.

தண்டையார்பேட்டையிலிருந்து:
ஐயா, அடுத்த சொல்லே 'கண்ணீர் மல்கி'. கண்ணீர் வெளியேதானே வந்தது? மழைக்கு எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும், சுவர் கசியும். வேறுபாடு அளவில்தான், உள்ளே வெளியே என்பதில் இல்லை. பையன் கண்ணுக்குத் தெரிவதையே பெயராக வைக்கலாம்: 'ஆர்ம் இறக்கம்'.

வியாசர்பாடியிலிருந்து:
அம்மா, அதில் ஒரு ஆபத்து. சிலிண்டரில் பிஸ்டன் சீல் (ஆயில் மறுபக்கம் போகாமல் அடைக்கும் வளையம்) போனாலும் ஆர்ம் இறங்கலாம். ஆர்மை முழுக்கத் தூக்கி, லாக் போட்டு, இன்ஜினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கிய பிறகு சிலிண்டரின் தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி, வால்வுப் பக்கம் தொங்கும் ஹோஸுக்கு மூடி போட வேண்டும். அப்புறம் அடிப்பக்கத்துக்கு அழுத்தம் கொடுத்தால், திறந்த வாயில் ஆயில் வந்துகொண்டே இருந்தால் சீல். வராவிட்டால் வால்வைப் பார்க்கலாம். 'இறக்கம்' நோயின் அறிகுறி, நோய் அல்ல.

இன்னொன்று: ஹோஸில் ஆயில் பீறும் ஊசித்துளையைக் கையால் தடவித் தேடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம்போல இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தேட அட்டைதான்.

திருவொற்றியூரிலிருந்து:
அட்டையை ஒற்றிப் பார்ப்பதால் 'ஒற்றுச் சோதனை'! ஒற்று என்றால் வேவும்கூட. எங்கள் ஊர்ப் பெயரிலேயே...

வியாசர்பாடியிலிருந்து:
ஒற்றக் கூடாது ஐயா. தள்ளிப் பிடிக்க வேண்டும்.

எண்ணூரிலிருந்து:
அச்சுக்குப் போய்விட்டது. வால்வு, வெளிக்கசிவு, உட்கசிவு. அழகில்லைதான், ஆனால் பையன்கள் கேட்டதும் பிடித்துக்கொண்டார்கள். 'தரை காய்ந்திருந்தாலும் உட்கசிவு இருக்கலாம்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். மூவர் சரி என்றோம். ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன்.

திருவொற்றியூரிலிருந்து:
மறுப்பு அப்படியே நிற்கிறது. அது இருக்கட்டும், ஸ்பூலுக்கு என்ன போட்டீர்கள்? நூல் சுற்றும் உருளைபோல இடையிடையே ஒடுங்கியிருப்பதால்தானே அந்தப் பெயர்? நம்மிடம் 'கண்டு' இருக்கிறது. நூற்கண்டு. இதைப் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன்.