விமானத்தின் சொந்தக்காரரே அதை எடுத்துப் போக முடியாதா?

சட்டமாணவி_இறுதியாண்டு:
எல்லோருக்கும் வணக்கம். திவால் சட்டம் பற்றிக் கல்லூரியில் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். கோ ஃபர்ஸ்ட் என்ற விமான நிறுவனத்தின் வழக்கை எடுத்தேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 2023 மே 2-ம் தேதி அந்த நிறுவனம் தானே போய் திவால் மனு போடுகிறது. விமானங்கள் அதற்குச் சொந்தமில்லை, எல்லாம் குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைக்கு விட்டவர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்து கடிதமும் கொடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் ஏறத்தாழ ஒரு வருடம் 54 விமானங்கள் தரையிலேயே நின்றன. பணம் வராவிட்டால் விமானத்தைச் சொந்தக்காரர் மீட்க வழிசெய்யும் சர்வதேச ஒப்பந்தமான கேப்டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-லேயே சேர்ந்துவிட்டதே, அப்புறம் என்ன தடை? இன்று இன்னொரு நிறுவனம் இப்படி விழுந்தால் அதே கதைதானா?

குத்தகை_வக்கீல்:
நல்ல கேள்வி அம்மா. முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். காக்பிட்டுக்குள் சின்னதாக ஒரு உலோகத் தகட்டில் சொந்தக்காரர் பெயர் இருக்கும், வெளியே உடம்பில் ‘விடி’ என்று தொடங்கும் இந்தியப் பதிவு எண் இருக்கும். அந்த ‘விடி’யை டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) நீக்கினால்தான் விமானம் வேறு நாட்டுப் பதிவேட்டுக்குப் போக முடியும். அதுவரை சொந்தக்காரர் கையில் எத்தனை பத்திரம் இருந்தும் பயனில்லை.

இதற்காகத்தான் குத்தகை தொடங்கும் நாளிலேயே ஐடெரா என்ற ஒரு காகிதத்தில் விமான நிறுவனத்திடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ‘நான் பணம் கட்டத் தவறினால் பதிவை நீக்கி வெளியே அனுப்ப இவருக்கு அதிகாரம் உண்டு, இதை நான் திரும்பப் பெற முடியாது’ என்பதுதான் அதன் சாரம். கிங்ஃபிஷர் விழுந்தபோது பட்ட அவஸ்தைக்குப் பிறகு, 2015-ல் விமான விதிகளில் 30(7) என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: ஐடெரா வைத்திருப்பவர் கேட்டால் 5 வேலை நாளில் பதிவை நீக்க வேண்டும். அதே வருடம் மார்ச்சில் ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் விஷயத்தில் டெல்லி உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது, டிஜிசிஏ தன் இஷ்டப்படி மறுக்க முடியாது என்று.

கோ ஃபர்ஸ்டில் என்ன நடந்தது? மே முதல் வாரத்திலேயே பதிவை நீக்கக் கேட்டு டிஜிசிஏவிடம் விண்ணப்பங்கள் குவிய ஆரம்பித்தன. மே 10-ம் தேதி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றது, அந்த நிமிடமே திவால் சட்டம் 14-வது பிரிவின் தடை விழுந்தது. 14(1)(டி)-யை எடுத்துப் படியுங்கள். கடனாளியின் வசம் இருக்கும் சொத்தை அதன் சொந்தக்காரரோ குத்தகைக்கு விட்டவரோ மீட்கக்கூடாது என்று நேராகவே சொல்கிறது. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டாலும் நாடாளுமன்றம் அதற்கென்று சட்டம் போடாதவரை, எதிரே நிற்கும் உள்நாட்டுச் சட்டத்தை அது தள்ளிவிடாது. 2008-க்குப் பிறகு அந்தச் சட்டத்தைப் போடாமலே விட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கருத்து.

2023 அக்டோபர் 3-ம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிக்கை மூலம் விமானங்களையும் என்ஜின்களையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. முன்பே விழுந்த தடைக்கு அது பொருந்துமா என்று மறுபடி வழக்கு. கடைசியில் 2024 ஏப்ரல் 26-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் 5 வேலை நாளில் பதிவை நீக்கச் சொன்னது.

ஹேங்கர்_வாசி:
வக்கீல் சார் சொன்ன அந்த ஒரு வருடம் விமானத்துக்கு என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன். நிறுத்திவைத்த விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். என்ஜின் வாயை உறை போட்டு மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பைகள் வைத்து, கூடவே ஒரு அட்டையும் வைப்போம். ஈரம் ஏறினால் அட்டை நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறும், பையை மாற்ற வேண்டும். சக்கரத்தை அவ்வப்போது உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் டயர் ஒரே இடத்தில் அழுந்திப்போகும். சம்பளம் வராத ஊரில் இதையெல்லாம் யார் செய்வார்கள்? ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) மழைக்காலம் முடிந்து உறையைக் கழற்றியபோது எல்லா அட்டையும் ரோஸ் நிறத்தில் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதைவிட மோசம் காகிதம். என்ஜினுக்குள் சுழலும் ஒவ்வொரு தட்டுக்கும் அது பிறந்த நாளிலிருந்து எத்தனை முறை பறந்தது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கோப்பு தொலைந்தால் பளபளவென்று இருக்கும் தட்டுகூடப் பழைய இரும்புதான். கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள், விமானம் திரும்பக் கிடைத்தது என்றால் பதிவேடுகளோடு கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும்.

முன்னாள்_தரைப்பணி:
குத்தகைக்கு விட்டவர் பக்கமே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் வேலை பார்த்த நிறுவனம் மூடியபோது எனக்கு 4 மாதச் சம்பளம் பாக்கி. விமானங்கள் போய்விட்டால் அந்த நிறுவனத்தை மறுபடி எழுப்ப என்ன மிச்சம்? அந்தத் தடை எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த கடைசி மூச்சு. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

குத்தகை_வக்கீல்:
உங்கள் வலி நியாயமானது, அதை நான் மறுக்கவே மாட்டேன். இந்தியா உடன்படிக்கையில் சேரும்போதே ஊழியர் சம்பளத்துக்கு முன்னுரிமை கேட்டு அறிவித்திருக்கிறது. ஆனால் பணம் கட்டத் தவறியதாக அறிவித்த பிறகு சேரும் சம்பளம் மட்டும்தான் அதில் வரும், அதற்கு முந்தைய பாக்கி வராது. இது போதாது என்றுதான் நானும் நினைக்கிறேன். அதே சமயம், விமானம் திரும்ப வராது என்று பயந்தால் குத்தகைக்கு விடுபவர் அடுத்த இந்திய நிறுவனத்திடம் வாடகையை ஏற்றிவிடுவார், அது டிக்கெட்டில் வந்து நிற்கும். இங்கே பறப்பவற்றில் பெரும்பாலானவை குத்தகை விமானங்கள்.

மாணவிக்கு, இன்று அதே கதை நடக்காது. 2025 ஏப்ரலில் இரு அவைகளும் இதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றின. வேறு சட்டத்தோடு மோதினால் உடன்படிக்கைதான் நிற்கும். திவால் ஆனாலும், 2 மாதத்துக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும், இல்லையேல் விமானத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

சட்டமாணவி_இறுதியாண்டு:
மிக்க நன்றி சார். ஒரே ஒரு சந்தேகம், பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் குட்டி விமானங்களுக்கும் இது பொருந்துமா?

குத்தகை_வக்கீல்:
பொருந்தாது. விமானி உட்பட 8 பேராவது ஏறக்கூடியதாகவோ, 2750 கிலோவுக்கு மேல் சரக்கு ஏற்றக்கூடியதாகவோ இருக்க வேண்டும். செஸ்னா 172-ல் 4 பேர்தான். என்ஜின் தனிப்பொருள், அதற்குத் தனி வரம்பு உண்டு. ஒருவருடைய விமானத்தின் இறக்கையில் இன்னொருவருடைய என்ஜின் தொங்குவது சாதாரணம், அங்கே தகராறு வந்தால் அது தனி வழக்கு.