மறு: டீசல் டேங்கின் உள் தகட்டுக்குப் பெயர்: ‘தளும்படக்கி’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம். டீசல் டேங்குக்குள் குறுக்கே நிற்கிற ஓட்டைத் தகட்டுக்கு (ஆங்கிலத்தில் பேஃபிள் பிளேட்) நம் சொற்பட்டியலில் ‘தளும்படக்கி’ என்று பெயர் வைக்கலாமா என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> பேஃபிள் பிளேட்டுக்குத் ‘தடுப்புத் தகடு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதுங்களே. புதிதாக ஒன்று எதற்கு?

கோபிசெட்டிபாளையத்து ஐயா கேட்டது நியாயமான கேள்வி. போன வாரம் வரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சங்ககிரியில் ஒரு பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

சித்தப்பாவின் பழைய ஆறு சக்கர லாரியில் டீசல் டேங்க் ஒழுகியது. சொட்டுச் சொட்டாகத்தான், ஆனாலும் இரவு நிறுத்திய இடத்தில் காலையில் தரை நனைந்திருக்கும். கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். முதலில் பேட்டரி வயரை எடுத்தார். அடியிலிருந்த திருகைத் திறந்து டீசலைக் கேன்களில் பிடித்தார். அப்புறம் டீசல் அளவைக் காட்டுகிற மிதவையின் வயர், எஞ்சினுக்குப் போகிற பைப், திரும்பி வருகிற பைப் எல்லாவற்றையும் கழற்றி, தூசி போகாமல் வாயைப் பாலித்தீனால் கட்டினார். இவ்வளவுக்கும் அரை மணி நேரம்தான். டேங்கைச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு பட்டைகளின் நட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகே அசைந்தன. கடைசியில் அடியில் பலகை வைத்து, ஜாக்கியில் தாங்கி, மெல்ல இறக்கினார்கள்.

இறக்கிய டேங்கை மேஸ்திரி இரு கையாலும் பிடித்து ஒருமுறை ஆட்டினார். உள்ளே ‘கடக்’ என்று ஒரு சத்தம். “கேட்டீங்களா? உள் பிளேட்டு விட்டுப்போச்சுங்க” என்றார். மிதவை இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். குறுக்கே நிற்கிற தகடு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டைகள். ஒரு பக்கம் பற்றவைப்பு (வெல்டிங்) விட்டு, ஓரம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அந்தத் தகடு ஆடி ஆடித்தான் வெளிச்சுவரில் விரிசல் விட்டிருக்கிறது.

ஓட்டையுள்ள தகடு எதைத் தடுக்கும்? டீசல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாராளமாகப் போய்வருகிறது. 200 லிட்டர் டேங்கில் பாதி இருந்தால் அது 100 லிட்டர், எடையில் ஏறக்குறைய 83 கிலோ. பிரேக் அடித்ததும் அவ்வளவு எடையும் ஒரே மொத்தையாக முன்சுவரில் போய் மோதாமல், ஓட்டைகளுக்குள் புகுந்து வேகம் குறைய வேண்டும். அந்தத் தகட்டுக்கு இருக்கிற வேலை இதுதான். முழுக்க நிரப்பிய டேங்கில் இந்தத் தொல்லை கிடையாது, குறைந்தால்தான் ஆட்டம். நிறைகுடம் தளும்பாது என்று நாம் காலங்காலமாகச் சொல்வதும் இதைத்தானே. தண்ணீர்க் குடத்தில் வேப்பங்கொத்தைப் போட்டுத் தூக்கி வந்த அம்மாக்களும், பால் கேனுக்குள் வைக்கோலைச் சுருட்டிப் போட்டு சைக்கிளில் கட்டிய பால்காரர்களும் இந்தத் தகட்டின் வேலையைத் தெரிந்து வைத்திருந்தவர்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் ‘தடுப்பு’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். “தளும்பாம இருக்கறதுக்குங்க” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

‘தடுப்பு’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் ஏற்றுகிற டேங்கர் லாரியில் ஓட்டையே இல்லாத முழுத் தகடுகளால் தனித்தனி அறைகள் பிரித்திருப்பார்கள். ஒரு அறையில் பெட்ரோல், இன்னொன்றில் டீசல் என்று ஏற்றலாம். அது அசல் தடுப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், நாமக்கல்லில் டேங்கர் வேலை பார்க்கிறவர் நம் சொற்பட்டியலை மூடி வைத்துவிடுவார்.

> ‘அலைதடுப்பான்’ எப்படி?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரையில் கொட்டுகிற கல்லுக்கு ‘அலைதடுப்புச் சுவர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒலிபெருக்கிப் பெட்டிப் பலகைக்கும் பேஃபிள் என்றுதான் பெயர், ‘அலை’ அங்கே இன்னும் பொருந்தும். அதற்கு விட்டுவைப்போம்.

‘தளும்பு தகடு’ என்று சுருக்கலாமே என்று நம் பல்லடத்து அம்மணி எழுதியிருந்தார். வினைத்தொகையாகப் படித்தால் தகடே தளும்புகிறது என்று ஆகிவிடும். அதனால்தான் ‘தளும்படக்கி’ என்கிறேன். தளும்பு, அடக்கி. இடிதாங்கி, சுமைதாங்கி போல வேலையைச் சொல்லும் பெயர். வெட்டு, குத்து போல ‘தளும்பு’ இங்கே முதனிலைத் தொழிற்பெயராக நிற்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் ‘தளும்பலடக்கி’ தான் முறை என்றால் எனக்கு மறுப்பில்லை, நாக்குக்குக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். காயத் ‘தழும்பு’ நினைவுக்கு வருமே என்பதுதான் என்னை உறுத்துகிற ஒரே விஷயம். எழுத்தில் ளகரம் காப்பாற்றும். பேச்சில் ‘அடக்கி’ சேர்ந்து வருவதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன். இதைப் பற்றி உங்கள் கருத்து கட்டாயம் வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த வேலை புதிதல்ல. 1916இலேயே ராஜாஜி சேலத்தில் அறிவியல் தமிழ்ச் சொற்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். அதே சேலத்துச் சாலையில் ஓடுகிற லாரிக்குள் இருக்கிற ஒரு தகட்டுக்கு இன்னும் நல்ல பெயர் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

பற்றவைப்பு பற்றி ஒரு வார்த்தை, சொல்லுக்குச் சம்பந்தமில்லை என்றாலும். காலி டேங்க்தானே என்று யாரும் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். டீசல் போனாலும் ஆவி உள்ளே நிற்கும், வெடித்துவிடும். எங்கள் மேஸ்திரி வெந்நீரில் பலமுறை கழுவி, முழுக்க ஆவி போக்கின பிறகுதான் பக்கத் தகட்டை அறுத்துத் திறந்தார். திரும்ப மாட்டிய பிறகு கைப் பம்ப்பை அடித்துப் பைப்பில் புகுந்த காற்றை எடுத்தார்கள், வண்டி கிளம்பியது.

கிளம்பும்போது மேஸ்திரியிடம் நம் சொல்லைச் சொன்னேன். இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “தளும்பறத அடக்கறதுங்களா? அப்பச் சரிங்க. தடுப்புன்னு சொன்னா பசங்க ஓட்டை போடாம வச்சுப்புடுவாங்க” என்றார்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா, பாருங்கள்:

தளும்படக்கி (பெயர்): டேங்கிலுள்ள திரவம் வண்டியின் ஓட்டத்தில் மொத்தமாக மோதாமல் இருக்க உள்ளே குறுக்காகப் பற்றவைக்கும், துளைகள் உள்ள தகடு.