மறு: ரெகக்னிஸியோ, கன்ஃபிர்மாஸியோ – இரண்டுக்கும் "அங்கீகாரம்" போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கத் திருப்பலி நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு பற்றிய கட்டுரைக்கான சொற்பட்டியலில் இந்த இரண்டு லத்தீன் சொற்கள் மட்டும் முடிவாகாமல் நிற்கின்றன. ஒரு நாட்டு ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவை வழிபாடு பற்றி எடுக்கும் முடிவுக்கு உரோமை, அதாவது வத்திக்கான், தரும் இருவகைச் சம்மதங்களின் பெயர்கள் இவை. வந்த கருத்துகளுக்கு என் பதில் கீழே.

> இரண்டையுமே "அங்கீகாரம்" என்று எழுதிவிடலாமே. உரோமை சம்மதித்தது என்று வாசகருக்குப் புரிந்தால் போதாதா?

போதாது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், இந்த வரலாற்றில் ஆயர்களுக்கும் உரோமைக்கும் இடையே எதைப் பற்றித் தகராறு என்பதே தமிழில் தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்கள் பேசும் மொழிகளுக்கு வழிபாட்டில் இடம் கொடுத்தது. ஆங்கிலத்தில் வழிபடும் நாடுகளின் ஆயர்கள் அதே ஆண்டு ஒரு கூட்டு மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தார்கள். அவர்களுடைய திருப்பலி நூல் 1973-இல் வந்தது. எளிய ஆங்கிலம், சின்னச் சின்ன வாக்கியங்கள். லத்தீனில் "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்று மக்கள் சொல்லும் பதில் "அண்ட் ஆல்சோ வித் யூ" ஆனது. மூலத்தில் இருந்த "ஆவி" போய்விட்டது. நற்கருணை வாங்குமுன் சொல்லும் மன்றாட்டில், "நீர் என் கூரையின்கீழ் வர நான் தகுதியற்றவன்" என்று நற்செய்தியில் இயேசுவிடம் சொன்ன நூற்றுவர் தலைவரின் வீட்டுக்கூரையும் இல்லை. "உம்மைப் பெற்றுக்கொள்ள நான் தகுதியற்றவன்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். தமிழில் நாம் "எனது இல்லத்தில் எழுந்தருளி வர" என்று சொல்லும்போது அந்த வீடு கண்முன் நிற்கிறது. 1973 ஆங்கிலத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான்.

அந்தக் குழுவுக்கும் குறைகள் தெரிந்தே இருந்தன. பல ஆண்டுகள் உழைத்து ஒரு திருத்திய பதிப்பைத் தயாரித்தார்கள். 1998-க்குள் 11 ஆயர் பேரவைகளும் அதை ஏற்றுக்கொண்டன, இந்தியாவும் அதில் ஒன்று. அப்புறம் அது உரோமைக்குப் போனது. அது அங்கே இருந்தபோதே, 2001 மார்ச் 28 அன்று, லத்தீனின் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் நெருங்கிப் பின்பற்ற வேண்டும் என்ற புதிய விதிமுறை வந்தது. 2002 மார்ச்சில் அந்த 1998 பதிப்பு நிராகரிக்கப்பட்டது. 11 பேரவைகள் ஏற்ற நூலை எந்த அதிகாரத்தில் மறுத்தார்கள்? 1983 திருச்சபைச் சட்டத்தின் 838-ஆம் பிரிவு தந்த ரெகக்னிஸியோ அதிகாரத்தில்தான்.

அந்த அதிகாரம் மறுப்பதோடு நின்றதுமில்லை. கிண்ணத்தின்மேல் குரு சொல்லும் வார்த்தைகளில் "ஃபார் ஆல்" (எல்லாருக்காகவும்) என்பது "ஃபார் மெனி" (பலருக்காகவும்) ஆக வேண்டும் என்று 2006-இல் உரோமையே கடிதம் எழுதியது. புதிய மொழிபெயர்ப்பின் பகுதிகளை ஆயர் பேரவைகள் ஏற்று அனுப்பிய பிறகும், 2010-இல் அது மாற்றங்களோடுதான் திரும்பி வந்தது. 2011 திருவருகைக் காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மக்கள் கையில் கிடைத்த நூல் அது. "வித் யுவர் ஸ்பிரிட்" வந்தது, கூரை திரும்பி வந்தது. விசுவாச அறிக்கையில் "கான்சப்ஸ்டான்ஷியல்" (ஒரே பொருளானவர்) என்ற கனத்த சொல்லும், தூய ஆவியைப் பனிப்பொழிவோடு (ட்யூஃபால், பனித்துளி இறங்குவது) சேர்த்துச் சொல்லும் வரியும் வந்தன. பனிப்பொழிவு எனக்குப் பிடிக்கும். "கான்சப்ஸ்டான்ஷியல்" ஞாயிறு காலையில் ஒரு சிறு பிள்ளையின் வாயில் நுழையுமா என்பது வேறு கேள்வி.

அங்கீகாரம் தருகிறவர் தருவார், அல்லது மறுப்பார். பேனாவை எடுத்துத் திருத்த உட்கார மாட்டார். ரெகக்னிஸியோவில் அதுவும் நடந்தது. அதனால் அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை.

> அப்படியானால் "மீளாய்வு"?

ஆய்வு இருக்கிறது, ஏற்பு இல்லை. மீளாய்வு முடிந்தது என்று எழுதினால், ஏற்றார்களா இல்லையா என்று வாசகர் அடுத்த வரியில் தேட வேண்டும். என் பரிந்துரை: ஆய்ந்தேற்பு. ஆய்ந்து, அதன்பின் ஏற்பது. "1998 பதிப்புக்கு உரோமையின் ஆய்ந்தேற்பு கிடைக்கவில்லை" என்று எழுதிப் பாருங்கள், எனக்கு உறுத்தவில்லை.

> கன்ஃபிர்மாஸியோவுக்கு "வழிமொழிவு" எப்படி? ஆயர்கள் முன்மொழிகிறார்கள், உரோமை வழிமொழிகிறது.

அழகான இணை, முதலில் எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் வழிமொழிகிறவர் அதே அவையில் சமமாக உட்கார்ந்திருப்பவர், வழிமொழிந்த பிறகுதான் முடிவே எடுக்கப்படும். இங்கே நடப்பது நேர்மாறு. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 செப்டம்பரில் 838-ஆம் பிரிவை மாற்றினார். அதன்படி மொழிபெயர்ப்பைத் தயாரித்து ஏற்று முடிவெடுப்பது ஆயர் பேரவை. உரோமை அதன்மேல் கன்ஃபிர்மாஸியோ தருகிறது. அந்த அக்டோபரில், அப்போது உரோமையின் திருவழிபாட்டுத் துறைத் தலைவராக இருந்த கர்தினால் சாராவுக்கு அவர் எழுதிய கடிதம் இதை இன்னும் தெளிவாக்கியது: மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாகச் சோதிக்கும் வேலை இனி உரோமைக்கு இல்லை, ஆனாலும் கன்ஃபிர்மாஸியோ வெறும் சடங்கும் இல்லை. ஆகவே "முத்திரை", "கையொப்பம்" போன்றவையும் உதவா.

இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். "கீழமை நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். தீர்ப்பு எழுதியவர் கீழே இருக்கிறார், மேலே உள்ளவர் அதைத் திருப்பி எழுதாமல் அப்படியே நிறுத்துகிறார், நிறுத்தாமல் விடவும் அவருக்கு உரிமை உண்டு. கன்ஃபிர்மாஸியோ ஏறக்குறைய இதுதான். எனவே உறுதிசெய்தல்.

"உறுதிப்படுத்தல்" வேண்டாம் என்று நினைக்கிறேன். கத்தோலிக்கர் காதில் அது உறுதிப்பூசுதல் என்ற அருளடையாளத்தோடு குழம்பும். லத்தீனில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அவர்கள் பாடு, தமிழில் நாம் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

> 2017-க்குப் பிறகு ரெகக்னிஸியோவே ஒழிந்துவிட்டதே. பழைய வரலாற்றுக்காக ஒரு கலைச்சொல் தேவையா?

ஒழியவில்லை. மொழிபெயர்ப்பிலிருந்துதான் அது விலகியது. வழிபாட்டில் ஓர் ஆயர் பேரவை செய்யும் பண்பாட்டுத் தழுவல்களுக்கு இன்றும் ரெகக்னிஸியோதான். 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை ஒப்புக்கொண்ட 12 மாற்றங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: தரையில் அமர்தல், ஆரத்தி, கைகூப்பி வணங்குதல் போன்றவை. அதுபோல இன்று ஒன்று புதிதாக வேண்டுமென்றால் அது ஆய்ந்தேற்புக்குத்தான் போகும். திருப்பலி நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு உறுதிசெய்தலுக்குப் போகும். ஒரே பத்தியில் இரண்டும் வரக்கூடிய இடம் இது.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. "ஆய்ந்தேற்பு" பெயர்ச்சொல்லாக நன்றாக நிற்கிறது. வினையாக "ஆய்ந்தேற்றது" என்று எழுதினால் பேச்சில் "ஏற்றியது" போலக் கேட்கிறது. "ஆய்ந்தேற்பு அளித்தது" என்று துணைவினையோடு எழுதலாமா, அல்லது "ஆய்ந்து ஏற்றது" என்று பிரித்தே எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் அதன்படி பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்