எழுத்தாளருக்குக் கடிதம் போட்ட அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

சேலத்திலிருந்து:

எழுத்தாளருக்குக் கடிதம் போட்டவர்கள், வீடு தேடிப் போனவர்கள், கையெழுத்து வாங்கப் போய் நின்று பேசிவிட்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள். நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. அம்மாப்பேட்டையில் தறி போட்டிருந்த குடும்பம் எங்களுடையது. சிற்றிதழ் ஒன்றில் நெசவாளர் வீட்டைப் பற்றி ஒரு சிறுகதை வந்திருந்தது. எழுதியவர் நெசவுக்காரர் இல்லை. ஆனாலும் அதில் வரும் அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். கூலி வாங்கப் போனால் முதலாளி வீட்டு வாசலில் எந்த இடத்தில் நிற்பாள், காசை எண்ணாமலே முந்தானையில் எப்படி முடிவாள், எல்லாம் அச்சு அசல். ஒரே ஒரு இடம்தான் உறுத்தியது. உச்சி வெயிலில் தெருவில் பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகள்) விரித்துக் கஞ்சி போடுவதாக எழுதியிருந்தார்.

யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பாவு ஆற்றுவது, அதாவது கஞ்சி தடவி உலர்த்துவது, விடிகாலை வேலை. வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். தறியில் ஏற்றினால் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் இருட்டோடு எழுந்து, பாவு விரிக்கும் இடமான பாவடிக்குப் போய், இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, கஞ்சியைத் தடவி, பிரஷ்ஷை இழுத்துக்கொண்டே நடப்போம். அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டு பிள்ளைகள் கூடவே வருவார்கள். பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் பாவைச் சுருட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் ஒரு இன்லேண்டில் எழுதிப் பத்திரிகை முகவரிக்குப் போட்டேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. வந்தது. மடிக்கிற ஓரம் வரைக்கும் எழுத்து. நன்றி ஒரு வரி, மீதி முழுக்கக் கேள்வி. கஞ்சியை எதில் காய்ச்சுவீர்கள்? மழை வந்துவிட்டால் நனைந்த பாவை என்ன செய்வீர்கள்? கூட வருகிறவர்களுக்குக் கூலி உண்டா, இல்லை ஒருவருக்கொருவர் உதவியா? பெண்கள் பிரஷ் பிடிப்பார்களா?

பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். வாழ்நாளில் கதை என்று ஒன்றைப் படித்தவர் இல்லை. அன்று தறிக்குழியை விட்டு ஏறி வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாவு நீளத்துக்கு நடப்பதுதான் அவர் வேலையாம். எனக்கே அது புதுச் செய்தி. எழுதிப் போட்டேன். அப்புறம் சில கடிதங்கள் போய் வந்தன.

பிறகு அந்தக் கதை தொகுப்பில் வந்தபோது அந்தப் பத்தி விடியலுக்கு மாறியிருந்தது. விளக்கு பிடிக்கும் ஒரு பையனும் வந்து சேர்ந்திருந்தான். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இப்ப சரி” என்றார்.

“பாராட்டுக்கு நன்றி” என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் நானும் மகிழ்ந்து, அத்தோடு மறந்திருப்பேன். அவர் கேட்டார். அதனால்தான் இன்று வரை அவர் எழுதியதை ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து:

ஐயா, உங்கள் கதையில் நடுவில் நடந்தவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன்.

எங்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் தெரு என்றாலே தி.க.சி. நினைவுதான். எங்கோ ஒரு சின்னப் பத்திரிகையில் முதல் கதை எழுதிய பையனுக்கும் அவரிடமிருந்து அஞ்சலட்டை போய்விடும். 2000-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது வாங்கிய விமர்சகர், 2014-ல் காலமானார். ராஜவல்லிபுரத்துக்காரர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான். சென்னையில் இருந்துகொண்டு தமிழ்நாடு முழுக்க எழுதுகிறவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். எழுத்தாளர்கள் என்பதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் பெரிய வாசகர்கள். அவர்கள் அட்டை வந்ததால்தான் அடுத்த கதை எழுதினேன் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஐம்பது பைசா அட்டை அது.

நான் தபால் கொடுக்கும் பகுதியில் வேறொரு எழுத்தாளர் இருந்தார். பெயர் வேண்டாம், குடும்பத்தார் இருக்கிறார்கள். அவருக்கு வரும் தபாலில் பாதிக்குத் தெருப்பெயர்கூட இருக்காது. “எழுத்தாளர் இன்னார், திருநெல்வேலி” என்று மட்டும் இருக்கும். தபால் பிரிக்கும்போதே அதை என் தபால் கட்டுக்குள் போட்டுவிடுவார்கள். கதையின் பெயரை எழுதி, “இந்தக் கதை எழுதியவர்” என்று விலாசம் போட்டு வந்ததும் உண்டு. அதையும் சேர்த்தோம்.

பதினொரு மணி வாக்கில் என் சைக்கிள் தெருமுனை திரும்பும்போது அவர் திண்ணையில் இருப்பார். ஏதோ படித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும், பக்கம் புரளாது. “இன்னைக்கு ஒண்ணும் இல்லை ஐயா” என்று சொல்ல வேண்டிய நாட்களில் எனக்கே கஷ்டமாக இருக்கும். கதை பத்திரிகையில் வந்து ஒரு வாரம், பத்து நாள் வரை அந்தக் காத்திருப்பு கூடுதலாக இருக்கும். வாசகர்கள்தான் பதிலுக்குக் காத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தபால் கொண்டுபோனவன் சொல்கிறேன், அந்தப் பக்கத்துக் காத்திருப்பு அதைவிடப் பெரிது.

ஒரு முறை ஒரு மணியார்டர் வந்தது. பத்திரிகையிலிருந்து சன்மானம் வருவது வழக்கம். இது அது இல்லை. விருதுநகர் பக்கம் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் பெண் அனுப்பியிருந்தாள். கீழே கூப்பனில், உங்கள் புத்தகம் இங்கே கடையில் கிடைக்கவில்லை, இதை வைத்துக்கொண்டு ஒன்று அனுப்புங்கள் என்று பென்சிலில் எழுதியிருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். புத்தகத்தைக் கட்டி மேலே விலாசம் எழுதி, உள்ளே அந்தப் பணத்தையும் மடித்து வைக்கப் போனார். “ஐயா, புக் போஸ்டில் பணம் வைக்கக் கூடாது” என்றேன். யோசித்தவர், அதே தொகைக்கு இன்னொரு புத்தகத்தை எடுத்துச் சேர்த்துக் கட்டினார். கூப்பனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் வீட்டில் கடிதம் போட்டவர்கள் யாரும் இல்லை. கிழித்துத் தைத்தவர்கள் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்தபோது பாட்டி வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்து வைத்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு பைண்டு செய்துகொண்டாள். கதை பொசுக்கென்று முடிந்துவிட்டது என்று வாசகர்கள் பலரும் கல்கிக்கு எழுதினார்கள். அவர் முடிவுரை ஒன்று எழுதி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று பதில் சொன்னார். அந்த முடிவுரை வந்த பக்கம் பாட்டியின் பைண்டில் மிகவும் அழுக்கானது.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நாவல் வந்த காலத்தில் பிறந்தவர்களில், அதன் நாயகன் நாயகி பெயரில் எத்தனை அரவிந்தன்கள், பூரணிகள் என்று பாருங்கள். எங்கள் பெரியம்மா பெண் பூரணிதான். எழுத்தாளரை நேரில் பார்த்தே இராத ஒருத்தி, அவர் வைத்த பெயரைத் தன் குழந்தைக்கு வைக்கிறாள். இதைவிட நெருக்கமான உறவு எனக்குத் தெரியவில்லை.

என் அனுபவம் சின்னது. நான் படித்த கல்லூரிக்கு ஒரு பெண் எழுத்தாளர் பேச வந்தார். கூட்டம் முடிந்து நாங்கள் சிலர் சுற்றி நின்றோம். இந்த மாதிரி இடங்களில் எல்லோரும் “என்ன படிக்கிறீர்கள்?” என்றுதான் கேட்பார்கள். அவர் என்னிடம், “வீட்டில் எந்த நேரத்தில் படிப்பாய்?” என்று கேட்டார். உலை வைத்துவிட்டு, அரிசி வேகும் வரை அடுப்படியில் நின்றபடி என்றேன். “நான் எழுதுவதும் அப்போதுதான்” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை, யாரோ காரில் ஏறச் சொல்லிவிட்டார்கள். இன்று எனக்குச் சமையலுக்கு ஆள் இருக்கிறது. ஆனாலும் அவர் கதையை எடுத்தால் எந்தப் பத்தி எந்தக் கொதியில் எழுதியது என்று தேடத்தான் தோன்றுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து:

எல்லாருக்கும் நல்லதாகவே நடந்திருக்கிறது. எனக்கு இல்லை. சென்னை நந்தனம் புத்தகக் காட்சியில், இருபது வருடமாகப் படித்துவந்த ஒருவரிடம் புத்தகத்தை நீட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயர் கேட்கவில்லை. கையெழுத்தைப் போட்டபடி பக்கத்தில் இருந்தவரிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கோவைக்குத் திரும்பும் ரயிலில் அந்தப் புத்தகத்தைத் திறக்க மனசு வரவில்லை. பிறகும் அவரைப் படிக்கவில்லை.

சென்னையிலிருந்து:

கோவை நண்பருக்கு: உங்கள் வருத்தம் நியாயம். நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பதற்குப் பெரிய நேரம் ஆகாது. ஆனால் கையெழுத்து மேசையை வைத்து ஓர் உறவை எடை போடாதீர்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். எழுத்தாளர் வாசகருக்குப் பதில் சொல்லும் இடம் எழுத்துதான்.

ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் ‘அக்னிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்தது. கெடுக்கப்பட்டு வீட்டுக்கு வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. ஒரு தாய் அப்படிச் செய்வாளா என்று கேட்டார்கள். அவர் கதையை மாற்றவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு முழு நாவல் எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமாகி, 1972-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது அதுதான். அந்த நாவலுக்குள்ளேயே நாயகி கங்கா அந்தச் சிறுகதையைப் படிக்கிறாள். கோபப்பட்ட வாசகர்களுக்கு இதைவிட மரியாதையான பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை.

வாசகர் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரும் வாசகர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அந்த நாவலுக்கு எதிராகப் போராட்டம் கிளம்பியபோது கையிலிருந்து கைக்குப் போனது நாவல் இல்லை, அதன் சில பக்கங்களின் ஜெராக்ஸ். 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆனது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அவர் மீண்டும் எழுத வரட்டும் என்று தீர்ப்பெழுதிய பிறகே எழுத வந்தார். முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சண்டை போட ஒருவர் வந்தால் அவருக்கு நாற்காலி போட வேண்டும். நாலு பக்க ஜெராக்ஸோடு வருகிறவருக்கும் எழுத்தாளருக்கும் இடையில் எந்த உறவும் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கத்துக் கதை ஒன்றையும் சேர்க்கிறேன். எழுத்தாளர் டொமினிக் ஜீவா கஸ்தூரியார் வீதியில் சலூன் வைத்திருந்தவர். 1966-ல் ‘மல்லிகை’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். இதழை அச்சடித்துக் கடைக்குப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். பிரதிகளைத் தானே சுமந்துகொண்டு போய், தெருவிலும் கூட்டங்களிலும் வாசகரின் கையில் கொடுத்துக் காசு வாங்குவார். இதை வெட்கமாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கட தகப்பனார் ஆசிரியராக இருந்தவர். மல்லிகை வாங்கினவர்களில் ஒருவர். போன இதழ்க் கதை எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, அடுத்த இதழ் வரமுதல் பழையதை முழுக்கப் படித்து முடித்துவிடுவார் என்று அம்மா சொல்லுவா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற மனிசன், ஒரு எழுத்தாளரிடம் பாடம் ஒப்புவிக்கத் தயாராகியிருக்கிறார்.

வீட்டை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் அந்த இதழ்கள் எல்லாம் போய்விட்டன. இதை எழுதும்போது அதுதான் நெஞ்சை அடைக்குது.

மதுரையிலிருந்து:

ஒரு யோசனை கேட்க வேண்டும். அப்பா போன வருடம் தவறிவிட்டார். பழைய பிஸ்கட் டின் நிறைய அஞ்சலட்டையும் இன்லேண்டும். நாலைந்து எழுத்தாளர்கள் அப்பாவுக்கு எழுதியவை. சிலர் நல்ல பேர் பெற்றவர்கள். அம்மாவுக்குத் தூக்கிப் போட மனமில்லை, எனக்கு எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. லேமினேட் செய்துவிடலாமா?

சேலத்திலிருந்து:

தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் தாளோடு பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. ரப்பர் பேண்டு, குண்டூசி, பின் இருந்தால் எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்றுவிடும். டின்னிலிருந்து எடுத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள் உறையில் வையுங்கள். உறை மேல் யார் எழுதியது, முத்திரையில் என்ன தேதி என்று பென்சிலில் குறியுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததில் தொடங்கியது. 1994 முதல் இயங்குகிறது. புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேட்டுப் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும்: கடிதத் தாள் உங்களுடையது, அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது. அச்சில் போடுவதானால் அவர்களிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அந்த எழுத்தாளர்கள் வீட்டில் உங்கள் அப்பா எழுதிய கடிதங்களும் இருக்கக்கூடும். யாராவது உயிரோடு இருந்தால், அப்பா தவறிய செய்தியைச் சொல்லி ஒரு வரி எழுதிப் போடுங்கள்.